கடுதாசிப்பட்டறைக்கு வழி சொன்னவர்களுக்கு

அம்மாச்சியைப் பற்றி ஒரு பத்துப் பக்கம் எழுதிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அம்மாச்சிக்குத் தரங்கம்பாடி பக்கத்துப் பொறையாறு சொந்த ஊர். "கடுதாசிப்பட்டறை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று அடிக்கடி சொல்லும். கடுதாசி என்றால் கடிதம், அப்போ பழைய தபாலாபீஸ்தான் என்று நானே முடிவுகட்டி, சாக்கு மூட்டை, முத்திரை குத்தும் சத்தம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் எழுதியும் வைத்துவிட்டேன்.

அதைப் படித்துச் சிரித்த வரலாற்று வாத்தியார் ஐயாவுக்கு முதல் நன்றி. "தபால் இல்லம்மா, காகிதம் செஞ்ச பட்டறை" என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் விடவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம், ஆனால் அவருக்காக அச்சு இயந்திரம் ஏற்றி வந்த கப்பலைப் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோக இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்ததும் எனக்குப் புதுசு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிசு பெரிசாக இருந்ததால் காகிதம் மளமளவென்று தீர்ந்ததாம். சரி என்று இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸைச் சுற்றியிருந்த ஈய உறையை உருக்கினார்கள்! 1715இல் புதிய ஏற்பாடு முழுசாக அச்சேறிவிட்டது. காகிதத் தட்டுப்பாடுதான் தீரவில்லை, அதனால் வந்ததுதான் பொறையாற்றுப் பட்டறை.

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்குள் கூட்டிப்போய் சீகன்பால்குவின் கல்லறையைக் காட்டிய அண்ணனுக்கும் நன்றி. 1719இல் போய்விட்டார், 36 வயசு, என் சின்ன மகன் வயசு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ரோடு வரை வந்து "அந்தப் பக்கம்தான்" என்று கை காட்டிய டீக்கடைத் தம்பிக்கு, பால் பொங்கியிருந்தால் மன்னிக்கவும்.

கடைசியாக என் பெரியம்மா மகள். பரணிலிருந்து அம்மாச்சியின் கணக்கு நோட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது அக்காதான். நீல மை ஊறிப்போன ஒரு பக்கத்தில், கோணல் கையெழுத்தில், அம்மாச்சி அங்கே எதற்குப் போனது என்று இருக்கிறது: "க.பட்டறை வீடு, பால் பாக்கி ஒண்ணே முக்கால் ரூவா. நாளைக்குத் தருவாளாம்."

தபாலாபீஸ் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.