உன் மகள் கொண்டுவந்த தாள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள்களுக்கு மேலாகிறது. கண்புரை அறுவை முடிந்து, சில வாரங்களுக்குக் கண்ணை வருத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், உன் கடிதத்தையே என் மருமகள் வாசித்துக் காட்டத்தான் கேட்டேன். முப்பது ஆண்டுகள் பிறர் பிள்ளைகளை வாசி, வாசி என்று விரட்டிய எனக்கு இப்படி ஒரு விடுமுறை வாய்த்தது வேடிக்கைதான். இன்று முதல் சிறிது நேரம் எழுதலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. அந்தச் சிறிது நேரத்தை உனக்கே கொடுக்கிறேன்.

நீ அனுப்பியிருந்த அந்தத் தாளின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோராம் வகுப்புக்குச் செல்லும் மாணவர்கள் கோடை விடுமுறையில் மூன்று நூல்களை வாசிக்க வேண்டும். இரண்டு கட்டாயம், ஒன்று பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்வது. நூல் ஒன்றுக்கு இருபது குறிப்புகள் எழுத வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் தேர்வு எழுத வேண்டும். அந்த மதிப்பெண் முதல் பருவக் கணக்கில் சேரும். ஏறக்குறைய எல்லா வரிகளும் "வேண்டும்" என்றே முடிகின்றன. இந்த நூல்களை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதே போன்ற தாளை என் பள்ளிக்காக நானே பல ஆண்டுகள் தயாரித்திருக்கிறேன். அந்த "வேண்டும்"களில் என்னுடையவையும் உண்டு.

நூலகராக இருக்கும் நீயே, "இதெல்லாம் தேவைதானா, பிள்ளை விடுமுறையில் சும்மா இருந்தால் என்ன?" என்று கேட்டிருப்பதால், இந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீண்ட விடுமுறையில் கற்றது தேய்கிறது என்ற கவலை மிகப் பழையது. 1996இல் அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்கு மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்றும், வாசிப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைவிட வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இழக்கிறார்கள் என்றும் எழுதினார்கள். பள்ளிகள் பலவும் பிடித்துக்கொண்டது இந்தக் கருத்தைத்தான். ஆனால் 2019இல் பால் வான் ஹிப்பெல் இதே கேள்வியைத் திரும்ப எடுத்து ஆராய்ந்து, எந்த வகைத் தேர்வைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இழப்பின் அளவு வெகுவாக மாறுகிறது என்றும், பழைய முடிவுகளில் சில புதிய அளவைகளில் மீண்டும் கிடைக்கவில்லை என்றும் காட்டினார். ஆகவே "விடுமுறையில் வாசிக்காவிட்டால் எல்லாம் போய்விடும்" என்று உன் மகளின் பள்ளி சொன்னால், அந்த அச்சத்தில் பாதியை நீ குறைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பயன்பட்டவை வேறு இரண்டு ஆய்வுகள். ரிச்சர்ட் ஆலிங்டனும் உடனிருந்தவர்களும், வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளின் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு, அவர்களே தேர்ந்த பன்னிரண்டு நூல்களை ஒவ்வொரு கோடையிலும் இலவசமாகக் கொடுத்து, மூன்று கோடைகள் தொடர்ந்து அப்படிச் செய்து பார்த்தார்கள். நூல் பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிட வாசிப்பில் முன்னேறியிருந்தார்கள். அந்த முடிவுகள் 2010இல் வெளிவந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஜேம்ஸ் கிம் என்பவரின் ஆய்வு, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் வேறொன்றைக் காட்டியிருந்தது: நூல்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பியபோது சொல்லத்தக்க பயன் விளையவில்லை, விடுமுறைக்கு முன் ஆசிரியர் வாசிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, விடுமுறையில் பெற்றோர் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, அதைப் பற்றி இரண்டு சொல் பேசியபோதுதான் பயன் தெரிந்தது. இரண்டும் சிறு பிள்ளைகளைப் பற்றியவை என்பதை மறக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணை மடியில் உட்கார்த்தி வாசிக்கச் சொல்ல முடியாது. ஆனாலும் என் வகுப்பறையில் நான் கண்டதும் இதையேதான் சொல்கிறது: அந்தத் தாள் பிள்ளையிடம் சான்று கேட்கிறது, அவளுக்கு வேண்டியிருப்பதோ துணை.

சான்று கேட்டதால் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு முறை விடுமுறை முடிந்த முதல் வாரத் தேர்வுக்கு நானே வினாத்தாள் தயாரித்தேன். சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வருபவர்களைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில், எந்தப் பாத்திரத்தின் குடை என்ன நிறம், கடிதம் எந்தக் கிழமை வந்தது என்றெல்லாம் கேட்டு வைத்தேன். ஒரு பையன் இருபதுக்கு ஏழு வாங்கினான். மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நூலில் தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்காமலேயே கேட்டுவிடும் அந்தக் காட்சியைப் பற்றி, வகுப்பு முடிந்தபின் மேசையருகில் நின்று பத்து நிமிடம் பேசினான். நூலை இரண்டு முறை வாசித்திருந்தான். அதே வகுப்பில் பதினேழு வாங்கிய இன்னொருவன், நூலைத் தொடவே இல்லை, பேருந்தில் நண்பன் சொல்லக் கேட்டேன் என்று ஆண்டுக் கடைசியில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். கிழமையையும் குடையையும் நண்பன் எப்படியோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்! அந்த ஏழு மதிப்பெண்ணை மாற்றிக் கொடுக்கும் துணிவு அன்று எனக்கு இல்லை. அந்தப் பையன் அடுத்த கோடையில் பட்டியலில் உள்ள நூல்களை வாசித்தானா என்று நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு தேர்வை நிறுத்திவிட்டு, முதல் வாரத்தில் நான்கு நான்கு பேராக உட்கார வைத்துப் பேசச் சொல்லும் முறைக்கு மாறினேன். ஒவ்வொருவரும் நூலிலிருந்து ஒரே ஒரு பத்தியைக் கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஏன் அந்தப் பத்தி என்று மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவராவது அதை மறுத்துப் பேச வேண்டும். வாசிக்காமல் வந்தவன் இங்கே ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடுவான், அதுவும் எனக்கல்ல, தன்னோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு. இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் இருபது குறிப்புகளை இருபது நொடிகளில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எதிரே இருப்பவன் "எனக்கு அப்படித் தோன்றவில்லையே" என்று சொன்ன பிறகு என்ன பேசுவது என்பதற்கு அந்தக் குறிப்புகள் உதவுவதில்லை. இந்த முறையிலும் குறை உண்டு: கூச்சப்படும் பிள்ளைகள் வாசித்திருந்தும் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களை எனக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னேன். சில கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். இருபது குறிப்புகள் என்பதைப் பார்த்து அவள் சலித்துக்கொள்வது நியாயம். பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை நின்று ஒட்டுத்தாளில் எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தால், கதைக்குள் போன மனம் ஒவ்வொரு முறையும் வெளியே இழுக்கப்படும். ஓர் அத்தியாயத்தை முழுவதும் வாசித்து முடிக்கட்டும்; வாசிக்கும்போது மனம் நின்ற இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைக்கட்டும், நூலகப் பிரதியானால் ஒரு தாள் துண்டை இடையில் வைக்கட்டும். பிறகு திரும்பி வந்து அந்த இடங்களில் இரண்டை மட்டும் எடுத்து, நோட்டின் இடப்பக்கத்தில் வரியையும் வலப்பக்கத்தில் தன் எண்ணத்தையும் எழுதட்டும். பத்து அத்தியாயத்துக்கு இருபது குறிப்பு ஆகிவிடும். கணக்கும் முடியும், கதையும் கெடாது. "இங்கே எனக்குப் புரியவில்லை" என்பதும் ஒரு குறிப்புதான் என்று அவளிடம் சொல். என் அனுபவத்தில் வகுப்பில் நல்ல பேச்சைத் தொடங்கி வைத்தவை பெரும்பாலும் அத்தகைய குறிப்புகளே.

நேரக் கணக்கையும் நீயும் அவளும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். தாளில் உள்ள மூன்று நூல்களும் சேர்ந்து எண்ணூறு பக்கம் வரும் என்று எழுதியிருந்தாய். அவள் இருபது நிமிடத்தில் பன்னிரண்டு பக்கம் வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள். நாளுக்கு இருபது நிமிடம் என்றால் அறுபத்தேழு நாள் ஆகும். விடுமுறை எட்டு வாரம், அதாவது 56 நாள்தான். நாளுக்கு அரை மணி நேரம் என்றால் 45 நாளில் முடிந்து, பயணத்துக்கும் சோம்பலுக்கும் பதினொரு நாள் மிஞ்சும். பெரும்பாலான பிள்ளைகள் இந்த எளிய கணக்கைப் போடாமல், கடைசி வாரத்தில் நாளுக்கு நூறு பக்கத்துக்கு மேல் விழுங்கப் பார்க்கிறார்கள். அதன் பிறகு வாசிப்பின் மீது வரும் வெறுப்புக்கு நூலைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதை வாசிப்பது என்பதில்தான் நீயும் நானும் எப்போதும் மோதிக்கொள்வோம். நூலகப் படிப்பில் நீ மனப்பாடம் செய்து எனக்கு ஒப்பித்துக் காட்டிய எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை நான் மறக்கவில்லை. 1931இல் நூலாக வந்த அவற்றில், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பதையும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பதையும் சொல்லியே நீ கட்டாயப் பட்டியல்களை எதிர்ப்பாய். முழுவதும் ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. தானாக எடுத்திருக்கவே மாட்டாத ஒரு நூலைப் பதினாறு வயதில் ஒருவர் கையில் திணிப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது. வகுப்பு முழுவதும் ஒரே நூலை வாசித்திருந்தால் முதல் நாளிலேயே பேசுவதற்கு ஒரு பொதுவான இடம் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நூல் போதும். உன் மகளின் பள்ளி இரண்டைக் கட்டாயமாக்கி ஒன்றை விருப்பத்துக்கு விட்டிருப்பதை நான் தலைகீழாக்கியிருப்பேன். அந்த ஒன்றும் பட்டியலுக்குள்ளேயேதான் என்பது சற்றுக் கஞ்சத்தனம். அறிவியல், வாழ்க்கை வரலாறு, படக்கதை என்று அவள் விரும்பியது எதுவானாலும் கூடுதலாக வாசிக்கலாம் என்று நீயாவது சொல்லிவிடு.

ஒலிநூல் கேட்டால் அது வாசிப்பாகுமா என்று கேட்டிருந்தாய். மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தால் ஆகாது என்று பிடிவாதமாக எழுதியிருப்பேன். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய நாவலைக் கேட்டு முடித்த பிறகு அந்தப் பிடிவாதம் போய்விட்டது. எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கு இது கதவைத் திறக்கிறது. நூலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. திரும்பப் போய்ப் பார்ப்பது மட்டும் கடினம். பிடித்த வரி எங்கே வந்தது என்று தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நீ செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. பள்ளிகள் பட்டியலை விடுமுறைக்கு முந்திய நாள் கொடுத்துவிட்டு, நூல் எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நூறு மாணவர்கள் ஒரே வாரத்தில் உன் நூலகத்துக்கு வந்து, இருக்கும் மூன்று பிரதிகளைக் கேட்பார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிடுவார்கள்; முடியாதவர்கள் காத்திருப்பார்கள், முதல் வாரத் தேர்வோ இருவருக்கும் ஒன்றுதான். அடுத்த ஆண்டாவது பட்டியலை இரண்டு மாதம் முன்பே நூலகத்துக்கு அனுப்பச் சொல்லி அந்தப் பள்ளிக்கு நீ எழுதலாம். நூலகரின் கடிதம் என்றால் பெற்றோரின் முறையீடாகத் தோன்றாது. விடுமுறை முடியும் தறுவாயில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதிலேயே கேட்டுவிடு. அவர்களைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை.

வீட்டில் மட்டும் "எத்தனை பக்கம் முடித்தாய்?" என்று கேட்காதே. அது மேற்பார்வையாளரின் கேள்வி. அவள் வாசிக்கும் அதே நூலின் இன்னொரு பிரதியை எடுத்து நீயும் வாசி. அவளைவிட இரண்டு அத்தியாயம் பின்தங்கியே இரு. "அடுத்து அந்தப் பெண் ஊரைவிட்டுப் போகிறாளா, சொல்லாதே" என்று நீ சொன்னால், சொல்லத் துடிப்பாள். நானும் சேர்ந்துகொள்கிறேன். கட்டாய நூல்களில் முதலாவதின் ஒலிவடிவம் கிடைத்துவிட்டது. நேற்று இரவு நான்காம் அத்தியாயம் வரை கேட்டேன். அந்தப் பாட்டியை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று உன் மகளிடம் சொல். அவளுக்குப் பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசியில் என்னோடு சண்டை போடட்டும். மூன்றாவது நூலாக எதை எடுத்திருக்கிறாள் என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி