ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 34 வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து போன் ஓயவில்லை. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "மெயின் போர்டில் ஒன்று அடிக்கடி விழுகிறது, அதை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுங்கள்." அந்த ஒன்றுதான் ஆர்.சி.சி.பி., கரண்ட் எங்காவது கசிந்தால் தானாகவே விழுந்து (ட்ரிப் ஆகி) சப்ளையை அணைக்கிற சுவிட்ச். முடியாது என்று சொன்னால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்த வேறு ஆள் செய்த வேலை ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். அதிலிருந்து மனசு ஆறவில்லை.

முற்றம் வைத்த பழைய வீடு. மூன்று குடித்தனமாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பின்கட்டில் ஒரு குடும்பம். ஃபேன் ரெகுலேட்டர் மாற்றத்தான் போனேன். வேலை முடிந்து கிளம்பும்போது அந்த வீட்டுப் பெரியம்மா, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கிரைண்டரைத் தொட்டா சுள்ளுங்குது. நரம்புத் தளர்ச்சின்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவ பாத்துடுங்களேன்."

டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. கிரைண்டரின் வயர், பிளக், சுவிட்ச் எல்லாம் நன்றாகவே இருந்தன. அவரையே கேட்டேன், எப்போது அப்படி இருக்கிறது என்று. "காலையிலதான். பேத்தி குளிக்கிற நேரம்" என்றார். குளியலறையில் கீசர் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு மறுபடி டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. டெஸ்டர் சில சமயம் சும்மாவும் மினுக்கும் என்பதால் மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் கிரைண்டர் பாடிக்கும் நடுவே பார்த்தேன். 140 வோல்ட். ஃபிரிட்ஜ் பாடியிலும் அதேதான்.

கீசரில் தண்ணீரைச் சூடாக்குகிற காயில் (கம்பிச்சுருள்) விரிசல் விட்டு, கரண்ட் உள்ளே கசிகிறது. கசிந்தது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எர்த் வயரைத் தொடர்ந்து போனால், அது சுவரை விட்டு வெளியே வந்து கிணற்றடியில் அந்தரத்தில் தொங்குகிறது. அந்தக் காலத்தில் தண்ணீர் வருகிற இரும்புக் குழாயிலேயே எர்த்தைக் கட்டியிருக்கிறார்கள். சில வருடம் முன்பு இரும்பை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போட்டபோது, அந்த வயரை யாரும் கவனிக்கவில்லை. மண்ணுக்கு வழியில்லாமல், கீசர் கரண்ட் அதே எர்த் வயர் வழியாகவே கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வந்து நின்றிருக்கிறது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் இதை நிறையவே பார்க்கிறேன். குழாய் மாற்றிய வீட்டுக்காரர்கள் எல்லோரும் எர்த் எங்கே போகிறது என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

சரி, ஆர்.சி.சி.பி. என்ன ஆனது? போர்டில் இருந்தது, லிவரும் மேலேதான் நின்றது. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், அசையவில்லை. மூடியைக் கழற்றினால், உள்ளே வருகிற இரண்டு வயரையும் வெளியே போகிற இரண்டு வயரோடு நேராக முறுக்கி, டேப்பைச் சுற்றி பின்னால் தள்ளி வைத்திருக்கிறது. மூன்று மாதம் முன்பு தினமும் காலையில் ட்ரிப் ஆகிறது என்று ஒருவரைக் கூப்பிட்டார்களாம். அவர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு "சரி பண்ணி" விட்டுப் போயிருக்கிறார். தினமும் காலையில், அந்த அம்மா கிரைண்டரைத் தொடுகிற நேரத்தில்தான் அது விழுந்திருக்கிறது. அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

இதை வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். போர்டில் வரிசையாக இருக்கிற, லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழுகிற எம்.சி.பி. வேறு, இது வேறு. பக்கத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன பட்டன் இருந்தால் அது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால், எங்கேயோ கசிகிறது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். எம்.சி.பி.யும் ஃபியூஸும் இதைச் செய்யாது. 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லியாம்பியர். மனிதன் உடம்பில் 100 மில்லியாம்பியர் போனாலே இதயம் நின்றுவிடலாம், ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொன்று. எர்த் நன்றாக இருந்தால், கசிந்த உடனே ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால், பெரும்பாலும் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும். ஆகவே இரண்டும் வேண்டும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளில், 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்கு இப்படி ஒரு கருவி வேண்டும் என்று இருந்தது. 2023 விதிகளில் அது 2 கிலோவாட் என்று குறைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சாதாரண கீசரே 2 கிலோவாட். வாடகை வீடுகளில் "அதெல்லாம் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்று சொல்கிற உரிமையாளர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: இரண்டாயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும். அட்வான்ஸ் வாங்குகிற அன்றே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

என் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. ட்ரிப் ஆகிறது என்று கூப்பிட்டால் கீசர், மோட்டார், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அரை மணியில் குற்றவாளி அகப்பட்டுவிடும். எர்த் இல்லாத வீட்டில் பிளக் பாயிண்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஜம்பர் போட்டு இணைக்கிற வேலையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு 230 வோல்ட்டும் மெஷின் பாடியில் நிற்கும்.

அந்தப் பின்கட்டு வீட்டில் கீசர் காயிலை மாற்றியாகிவிட்டது. கிணற்றடியில் எட்டடி ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் கட்டினேன். காவிரிக் கரை மண், ஈரத்துக்குக் குறைவில்லை. கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப இணைத்து, பெரியம்மாவின் பேத்தியையே டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொன்னேன். டக்கென்று விழுந்தது. மாதம் ஒரு முறை இப்படி அமுக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

முன்கட்டிலும் நடுக்கட்டிலும் இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எர்த்தும் அதே பழைய குழாயில்தான் இருந்தது. மழை விட்டதும் பார்க்கலாம் என்கிறார் உரிமையாளர். அதுவரை கீசரை அணைத்துவிட்டுத்தான் குளிக்கப் போக வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
கும்பகோணம்.