அட்டையில் வரைந்த இதயம்

அப்பா வீடு திரும்பி நான்கு நாள் ஆகிறது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பக்கவாதமும் மாரடைப்பும் ஒரே நேரத்தில். பக்கவாதத்துக்கான அளவில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதலில், அதன் பின் இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்று நின்ற இடத்திலேயே பேசி முடிவெடுத்த நரம்பியல், இதய மருத்துவர்களுக்கு நன்றி. ஸ்டென்டுக்குத் தேவையான, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையே மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அப்பா கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைச் சரியாகச் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா, உங்களால்தான் அதிலிருந்து கணக்கிடும் நாலரை மணி நேரக் கெடுவுக்குள் ஊசி போட முடிந்தது. ஆம்புலன்ஸ் அண்ணன், ஸ்கேன் அறையில் இருந்தவர்கள், கூடவே நின்ற சொந்தங்கள், எல்லோருக்கும் நன்றி.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. அவர் எதிரிலேயே அவரைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். "அவருக்குப் புரியுது. அவர்கிட்டயே கேளுங்க" என்றார் சிஸ்டர். ஊசி போட்ட பிறகு கால் மணிக்கு ஒரு முறை கையைத் தூக்கச் சொல்லி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய வேலை அவருக்கு. அதற்கு நடுவே கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பேனாவால் ஒரு இதயம், ஒரு தலை, ஒரு டம்ளர் வரைந்தார். கீழே பெரிதாக 'ஆம்', 'இல்லை'. அப்பாவின் இடது கைப் பக்கம் வைத்தார்.

அப்பா முதலில் தொட்டது டம்ளரை. விழுங்க முடிகிறதா என்று பரிசோதிக்கும்வரை சொட்டுத் தண்ணீர்கூடத் தரக்கூடாது. அதை எங்களிடம் அல்ல, அப்பாவிடமே சொல்லிவிட்டு, ஈரப் பஞ்சால் உதட்டை ஒற்றினார். விடியும் முன் அப்பாவின் விரல் இதயத்தின் மேல் போனது. உடனே ஈசிஜி, ஓடிவந்த டாக்டர். அந்த அட்டை இல்லையென்றால் அப்பாவுக்கு நெஞ்சு வலிப்பது யாருக்குத் தெரிந்திருக்கும்?

சிஸ்டர், இப்போது அப்பாவுக்கு இரண்டு மூன்று சொற்கள் வருகின்றன. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு நாள் விடாமல் கூட்டிப்போவேன். அட்டை தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மடலை எழுதட்டுமா என்று காலையில் கேட்டேன். 'ஆம்' மேல் விரலை வைத்தார். அப்புறம் இதயத்தைத் தொட்டார். "வலிக்குதாப்பா?" என்று பதறினேன். 'இல்லை'யைத் தொட்டுவிட்டு, மறுபடியும் இதயத்தையே தொட்டார்.