ஒரு டைல்ஸ் கொடுத்தனுப்புங்கள், நனைத்துப் பார்த்துவிட்டு வருகிறோம்

கொங்கு நாட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், கடையில் நின்று டைல்ஸ் எடுத்துக் காட்டும் தம்பி தங்கைகளுக்கும், அதை ஒட்டித் தரும் மேஸ்திரிமார்களுக்கும்,

வணக்கமுங்க.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் போன ஆவணியில் புதுவீட்டில் பால் காய்ச்சினோம். வீடு கட்டியதில் எங்களை அதிகம் அலைய வைத்தது பாத்ரூம் டைல்ஸின் நிறம்தான். ஹாலுக்கு ஒரே நாளில் எடுத்துவிட்டோம். சமையல்கட்டுக்கு அரை நாள். பாத்ரூமுக்கு மட்டும் ஈரோடு, பெருந்துறை, கோயம்புத்தூர் என்று ஏழு கடை ஏறி இறங்கினோம்.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. கண்ணை உறுத்தாத நிறம் வேண்டும். சந்தனம், ஐவரி, சாம்பல், இல்லையென்றால் இவற்றில் இரண்டு கலந்த மாதிரி ஒன்று. பூ வேண்டாம், கோடு வேண்டாம். ஒவ்வொரு கடையிலும் ஒரே பதில்தான் வந்தது. "அக்கா, பிளெயினா இருந்தா எடுப்பே இருக்காதுங்க. ஹைலைட்டர் வெச்சாத்தானுங்க பாத்ரூம் பாத்ரூம் மாதிரி இருக்கும்." கீழே டார்க், மேலே லைட், நடுவில் பூப்போட்ட ஹைலைட்டர் என்று செட்டாகத்தான் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். லைட்டை மட்டும் தனியாகக் கேட்டால், குடோனில் இருக்கிறதா என்று பார்க்கவே ஒருவர் போய்வர வேண்டியிருக்கிறது.

ஏன் பிளெயின் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா வீட்டில் 2008ல் பாத்ரூம் கட்டினார்கள். இளஞ்சிவப்பு டைல்ஸ், நடுவில் வரிசையாக ரோஜாப்பூ. அன்றைக்கு அது அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நாலு வருடம் கழித்துச் சுவருக்குள் பைப் ஒழுகியது. மூன்று டைல்ஸை உடைத்துத்தான் பைப்பைச் சரிசெய்ய முடிந்தது. அந்த ரோஜாப்பூவைத் தேடி அப்பா போகாத கடை இல்லை. டிசைன் நின்றுபோய்விட்டது. இன்றைக்கும் அந்தச் சுவரில் ரோஜா வரிசைக்கு நடுவே மூன்று வெள்ளை டைல்ஸ் இருக்கின்றன. சேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு வேறு எடுக்கலாம். டைல்ஸை அப்படி மாற்ற முடியாது. உடைத்தால் அடியில் போட்ட வாட்டர்புரூஃபும் சேர்ந்து போகும். சாதாரண நிறமாக இருந்தால், முப்பது வயதில் ஒட்டியதை ஐம்பது வயதில் பார்த்தாலும் வெறுப்பு வராது. உடைந்தாலும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றைப் பிடித்துவிடலாம்.

பிளெயின் என்றவுடன் அடுத்து நீங்கள் எடுத்துக் காட்டுவது வெள்ளையை. அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இதற்கு முன் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் பாத்ரூம் முழுக்க வெள்ளை. தரை வெள்ளை, சுவர் வெள்ளை, கம்மோடும் வெள்ளை. என் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை. ஒருநாள் விடிகாலையில் பாத்ரூமுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால், ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, மறு கையால் முன்னால் காற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறார். "எது செவுரு, எது உக்கார்ற எடம்னே தெரியலை கண்ணு, எல்லாம் ஒண்ணாட்டமே இருக்குது" என்றார். ஈரம் கிடந்ததும் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைத் தரையில் தண்ணீர் எங்கே தெரியும்? அன்றைக்கு விழாமல் தப்பித்தார், அவ்வளவுதான்.

அந்த ஒரு காட்சியில்தான் என் புதுவீட்டு பாத்ரூமின் நிறம் முடிவானது. சுவர் ஒரு நிறம் என்றால் தரை அதைவிட ஒரு படி அடர்த்தியாக இருக்க வேண்டும். வெள்ளைக் கம்மோடு சுவரை விட்டுத் தனியாகத் தெரிய வேண்டும். அதற்குப் பூவும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். சந்தனச் சுவரும் நடுத்தரச் சாம்பல் தரையும் போதும். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று ஏழு கடையில் ஒருவர்கூட எங்களைக் கேட்கவில்லை. தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டால், தரைக்கு வழவழப்பான டைல்ஸை நீங்களே எடுத்துக் காட்ட மாட்டீர்கள். வழுக்காத தன்மைக்கு ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று அளவு உண்டு, எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடுகள் நம்முடையவை. ஆர்-10க்குக் குறைவானதைக் குளிக்கிற இடத்துக்குக் காட்டாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் கடைகளில் யாரும் பேசுவதே இல்லை.

சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர் வீடும், போர்த் தண்ணீரை நம்பியிருக்கிற காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்து வீடும் ஒன்றாகிவிடுமா? எங்கள் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 600 வரை போகலாம். எங்களுடையது 600ஐயும் தாண்டியிருந்தது. குடிக்க ஆற்றுத் தண்ணீர் வருகிறது, சரி. தண்ணி வாத்துக்கொள்வதெல்லாம் இந்த உப்புத் தண்ணீரில்தானே? அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும், ஈரம் காய்ந்ததும் சுவரிலேயே வெள்ளையாகப் படிந்துவிடும்.

எந்த நிறம் இதைத் தாங்கும் என்று வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். நிறத்துக்கு ஒரே ஒரு டைல்ஸ் வேண்டும் என்று கேட்டதற்கு ஆறு கடையில் "முழுப் பெட்டியாத்தானுங்க தருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஏழாவது கடைக்காரர் மட்டும் நாலு டைல்ஸை செய்தித்தாளில் சுற்றி, காசு வாங்காமல் கொடுத்தார். "பாத்துட்டு மெதுவா வாங்கக்கா" என்றார். அந்த நாலையும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். பளபளப்பான வெள்ளை, பளபளப்பான கருஞ்சாம்பல், பளபளப்பில்லாத மேட் சந்தனம், மேட் நடுத்தரச் சாம்பல். காலையும் மாலையும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொம்பு போர்த் தண்ணீர். துடைக்கவில்லை. பதினைந்து நாள்.

கருஞ்சாம்பலில் மூன்றாம் நாளே சொட்டுச் சொட்டாக வெள்ளை வளையம். பதினைந்தாம் நாள் சுண்ணாம்பு தெளித்த மாதிரி ஆகிவிட்டது, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. கடையில் என் வீட்டுக்காரர் "இதுதான் பணக்காரக் களையா இருக்குது" என்று கையை வைத்தது அந்தக் கருஞ்சாம்பல் மேல்தான். வெள்ளையில் உப்பு தெரியவில்லை. ஆனால் அடியோரமாகச் செம்மண் தெறித்து ஒரு கோடு விழுந்துவிட்டது, ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால்கூட எட்டு அடி தூரத்திலிருந்து தெரிந்தது. நடுத்தரச் சாம்பலில் உப்பு லேசாகப் படிந்திருந்தது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சந்தனத்தில் உப்பும் தெரியவில்லை, மண்ணும் அவ்வளவாகத் தெரியவில்லை. தண்ணீர் பட்டவுடன் மட்டும் அது கொஞ்சம் கருத்து, காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வந்தது. நூறு பலகை பார்த்தும் கிடைக்காத தெளிவு அந்த நாலு டைல்ஸில் கிடைத்தது. கீழ் பாத்ரூமுக்கு அந்த ஏழாவது கடையில்தான் எடுத்தோம்.

வெளிச்சமும் இதே மாதிரிதான். உங்கள் கடையில் தலைக்கு மேல் முப்பது விளக்கு எரிகிறது. வாஸ்துப்படி எங்கள் பாத்ரூம் வடமேற்கு மூலையில். காலையில் அங்கே இருட்டு, சாயங்காலம் வெயில் செக்கச்செவேல் என்று ஜன்னல் வழியாக உள்ளே விழும். கடையில் சுத்தமான ஐவரியாகத் தெரிந்தது அந்த வெயிலில் இளஞ்சிவப்பாகிவிட்டது. 6500 கெல்வின் வெள்ளை பல்ப்பைப் போட்டால் சாம்பல் டைல்ஸ் நீலம் பாய்கிறது, 3000 கெல்வின் மஞ்சள் பல்ப்பில் சந்தனம் இன்னும் மஞ்சளாகிறது. 4000 போட்ட பிறகுதான் இரண்டும் தன் நிறத்தில் நின்றன. அதோடு, கடையில் டைல்ஸைத் தரையில் படுக்க வைத்துக் காட்டுகிறீர்கள். சுவர் டைல்ஸை நிறுத்தி வைத்துக் காட்டுங்கள். வெளிச்சம் படுகிற விதமே வேறு.

மாடி பாத்ரூமில் பட்ட கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்கான டைல்ஸை முன்னமே வேறொரு கடையில் எடுத்துவிட்டோம். ஒட்டி வரும்போது இரண்டு பெட்டி குறைந்தது. கடைக்குப் போன் பண்ணினோம், அதே பெயர், அதே எண் என்று அனுப்பினார்கள். ஆனால் வேறு பேட்ச், அதாவது வேறொரு தடவை சுட்டது. சூளையில் சூடு கொஞ்சம் மாறினாலே நிறம் மாறும், குஜராத் மோர்பியிலிருந்து வருகிற லோடுக்கு லோடு வித்தியாசம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. பூப்போட்ட டைல்ஸ் என்றால் அந்த வித்தியாசம் பூவோடு மறைந்திருக்கும். சாதாரண நிறத்தில் மறைய வழியே இல்லை. கதவுக்குப் பின்னால் நாலு வரிசை இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. ஆகவே பில் போடும்போதே அளவோடு பத்து சதவீதம் கூட எடுக்கச் சொல்லுங்கள், பெட்டி மேல் இருக்கிற பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றுதானா என்று எங்கள் கண் முன்னால் பார்த்து ஏற்றுங்கள்.

மேஸ்திரி அண்ணா, இனி உங்களிடம். ஒட்டுவதற்கு முன் நாலைந்து பெட்டியைப் பிரித்துக் கலந்து, தரையில் பரப்பி ஒருமுறை பாருங்கள். நிறம் மாறினால் அப்போதே நிறுத்திச் சொல்லுங்கள், ஒட்டிய பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை. டைல்ஸுக்கு டைல்ஸ் நடுவே வருகிற ஜாயிண்ட்டுக்கு ஒயிட் சிமெண்ட்டை அப்படியே பூசிவிடாதீர்கள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறோம், சனிக்கிழமை எண்ணெய் வைத்து அரப்புப் போட்டுத் தலைக்கு ஊற்றுகிறோம். மஞ்சள் சோப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் சிவந்துவிடும். அரப்புச் சேறு ஜாயிண்ட்டில் உட்கார்ந்தால் பச்சையும் பழுப்புமாக நிற்கும். சந்தன டைல்ஸுக்குச் சந்தன நிறத்திலேயே ஜாயிண்ட் போட்டுவிட்டால் சுவர் ஒரே விரிப்பாகத் தெரியும், கறையும் கண்ணில் அடிக்காது. குளிக்கிற இடத்துத் தரைக்கு மட்டுமாவது சிமெண்ட்டுக்குப் பதிலாக எப்பாக்ஸி ஜாயிண்ட் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசுங்கள். செலவு கூடத்தான், ஆனால் அது தண்ணீரையும் கறையையும் உள்ளே விடாது.

வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவிக் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் அண்ணா. அந்த ஆசிட் சிமெண்ட் ஜாயிண்ட்டைத்தான் முதலில் அரிக்கும். பிறகு எந்த நிறம் போட்டிருந்தாலும் அங்கே அழுக்குத்தான் குடியிருக்கும்.

தை பிறந்தால் என் தங்கை வீட்டுக்கு டைல்ஸ் எடுக்க வேண்டும். காங்கேயத்துக்குப் பக்கம், எங்களுடையதைவிட உப்புத் தண்ணீர். அவளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், கடைக்குப் போகும்போது வீட்டு போர்த் தண்ணீர் ஒரு பாட்டில் பையில் இருக்க வேண்டும் என்று. நாங்கள் வந்து நின்றால் ஹைலைட்டர் பலகைப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். சந்தனத்தில் இரண்டு வகை, சாம்பலில் இரண்டு வகை, வகைக்கு ஒரு டைல்ஸ் கொடுத்தனுப்புங்கள். முன்பணம் கேட்டால் கட்டிவிட்டே வாங்கிப் போகிறோம். பதினைந்து நாளில் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
கோபி பக்கம் புதுவீடு கட்டிய ஒருத்தி