முட்டை பொரிக்கவில்லை என்று போன் போடுவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நம்மிடம் நாட்டுக்கோழிக் கருமுட்டை, அதாவது குஞ்சு பொரிக்க அடை வைக்கும் கரு கூடிய முட்டை, வாங்கிப் போனவர்களில் நான்கு பேர் ஒரே வாரத்தில் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வைத்தேன், மூன்றுதான் பொரித்தது, மீதியெல்லாம் கூமுட்டை என்று. அதில் ஒருவர் விஷயத்தில் தப்பு எங்கள் மேல்தான். பத்து நாளைத் தாண்டிய முட்டைகள் புது முட்டையோடு கலந்து போய்விட்டன. மாற்று முட்டை கொடுத்துவிட்டோம், இனிமேல் ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலில் எழுதித்தான் தருவோம். மற்ற மூன்று பேரிடமும் பேசப் பேசத்தான் தெரிந்தது, தப்பு கோழி மேலும் இல்லை, முட்டை மேலும் இல்லை, வைத்தவர்கள் மேல்தான்.

ஒரு அண்ணன், கோழி சாப்பிடவே இல்லையே என்று பரிதாபப்பட்டு நாளைக்கு நான்கு தடவை தூக்கி வெளியே விட்டிருக்கிறார். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை, கால்மணி இருபது நிமிடம் தானாக எழுந்து போய் இரை எடுத்து, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு வந்து உட்காரும். அவ்வளவு போதும் அதற்கு. கொஞ்சம் கம்போ சோளமோ, ஒரு கிண்ணம் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்தில் வையுங்கள், கூடைக்குள் வேண்டாம். முட்டையைத் திருப்பி விடுவதும் அதுவே செய்துகொள்ளும்.

இன்னொருவர் அவசரக்காரர். கோழி மத்தியானம் கூட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தவுடனே வந்து முட்டை வாங்கிப் போனார். மூன்றாம் நாள் கோழி எழுந்து போய்விட்டது. அடைக்கு வந்த கோழி ராத்திரியும் கூட்டைவிட்டு எழாது, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும், வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்திருக்கும். முதலில் பழைய முட்டை இரண்டை இரண்டு நாளைக்கு வைத்துப் பாருங்கள், நிலையாகப் படுத்தால் அப்புறம் நல்ல முட்டையை இருட்டிய பிறகு, எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். அதன் இறக்கைக்குள் அடங்குகிற அளவுதான், பத்து பன்னிரண்டுக்கு மேல் பேராசை வேண்டாம். பாதியில் எழுந்து போகிற கோழிகளில் பலவற்றுக்குக் காரணம் பேன், செள்ளு; வைப்பதற்கு முன்பே கோழியையும் கூடையையும் பார்த்துவிடுங்கள். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, கொஞ்சம் நொச்சி இலை சேர்ப்போம் நாங்கள். கரித்துண்டும் இரும்பும் மிளகாய் வற்றலும் வைத்தால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்பார் எங்கள் பாட்டி. இடிக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தமோ, நானும் இன்றுவரை ஒரு ஆணியைப் போட்டுத்தான் வைக்கிறேன்.

மூன்றாமவர் கதையைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். நம் முட்டை ஆறுதான் வாங்கினார், எண்ணிக்கை போதவில்லை என்று மளிகைக் கடையில் ஆறு வெள்ளை முட்டை வாங்கிச் சேர்த்துவிட்டார். அது நாமக்கல் பண்ணை முட்டை, கூண்டுக்குள் சேவல் முகமே பார்க்காத கோழி போட்டது, அதில் கரு ஏது? இருபத்தேழு நாள் அந்தக் கோழி பொறுமையாகப் படுத்திருந்ததாம், பாவம்.

முட்டையை வீட்டுக்குக் கொண்டு போனதும் கழுவாதீர்கள், ஓட்டின் மேல் இருக்கிற மெல்லிய பூச்சுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான, குளிர்ச்சியான மூலையில் வைத்து, பைக்கிலோ பஸ்ஸிலோ குலுங்கி வந்ததென்றால் ஒரு நாள் ஆறவிட்டு, இட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் அடையில் வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் வெளியே கிடக்கிற முட்டையில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். அதனால்தான் சித்திரை, வைகாசியில் கருமுட்டை விற்பதில்லை. கேட்டு வருத்தப்பட வேண்டாம்.

அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி முட்டையைச் செல்போன் டார்ச்சில் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கரு கூடவில்லை, அது எங்கள் சேவலின் குறை. ரத்தம் வளையமாக நின்றிருந்தால் வளர ஆரம்பித்துச் செத்திருக்கிறது. வெயில், குலுக்கல், கோழி எழுந்து போனது, இதில் ஏதோ ஒன்று. கெட்டதை எடுத்துவிட்டுக் கோழியை விட்டுவிடுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடவே வேண்டாம். இருபத்தோராம் நாள் ஓடு விரிசல் விட்டதும் பிரித்துவிடக் கை பரபரக்கும். உள்ளே ரத்த ஓட்டம் வற்றியிருக்காது, பிரித்தால் குஞ்சு போய்விடும். வெளியே வந்த குஞ்சுக்குத் தீனி இல்லை என்றும் பதற வேண்டாம், வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். வாத்து முட்டை வைத்தவர்கள் 28 நாள் பொறுக்க வேண்டும்.

குஞ்சுகளை முதல் வாரம் தாயோடு பஞ்சாரத்தில் மூடி வையுங்கள், பருந்தும் கீரியும் காத்திருக்கும். ஏழாம் நாள் வாக்கில் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடை வைத்த ஏழாம் நாள் டார்ச்சில் பார்க்கும்போது பாதிக்கு மேல் தெளிவான முட்டையாக இருந்தால் வீடியோ எடுத்து அனுப்புங்கள், அத்தனைக்கும் மாற்று முட்டை தருகிறோம். ரத்த வளையத்துக்குத் தர மாட்டோம். இருபத்திரண்டாம் நாள் உடைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் எது எது என்று எங்களுக்கும் சொல்லத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் முட்டைக் கடை