பல்லிக்குப் போன பையன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் 'தினமும் பல்லிக்கு நேரத்தோடு செல்ல வேண்டும்' என்று எழுதியதை நீ சத்தமாக வாசிக்கப்போய், அப்புறம் வகுப்பை அடக்கவே முடியவில்லை என்றாயே, அதற்குத்தான் இது.

அந்தச் சிரிப்பை அடக்கப் பார்க்காதே. வாயைப் பொத்திக்கொண்டு அடக்குகிற சிரிப்புதான் அடுத்த பெஞ்சுக்குத் தாவும். நீயும் சேர்ந்து சிரி, மனசுக்குள் பத்து எண்ணு. சத்தம் இறங்கத் தொடங்கும்போது கைக்கு வேலை கொடு: "நோட்டை எடுங்க, தேதி போடுங்க, பல்லி, பள்ளி ரெண்டையும் வெச்சு ஆளுக்கொரு வாக்கியம்." முந்தினால் யார் காதிலும் விழாது. பிந்தினால் எவனாவது பல்லி மாதிரி 'ச்சு ச்சு' என்று இரண்டாம் சுற்றைத் தொடங்கிவிடுவான்.

ல, ள வாயில் ஒன்றாகிப்போனதால்தான் கையிலும் ஒன்றாகிறது. எழுதியவன் பெயரைச் சொல்லாமல் இரண்டு சொல்லையும் பலகையில் எழுது. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், ள-வுக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். வகுப்பே நாக்கை வளைத்துப் பார்ப்பதும் கூத்துதான், ஆனால் பாடத்துக்குள் நடக்கும் கூத்து. அடுத்து 'தலைமையாசிரியர் அரைக்குள் நுழைந்தார்' வரும், தயாராக இரு.

"என்ன சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல" என்று மட்டும் கேட்டுவிடாதே. பன்னிரண்டு வயசுப் பிள்ளை நிஜமாகவே எழுந்து சொல்லிவிடும். குத்தலும் இந்த வயசில் சிலருக்கு நேர்ப்பொருளாகத்தான் போய்ச் சேரும். "நல்லா இருக்கு, இன்னும் பேசு" என்றால் பேசுவார்கள்.

வாசிக்கும்போது ஒரு பையனின் குரல் கீச்சென்று உடைந்தால் அவனைப் பார்க்காதே. குரல்வளை வளர்கிற வயசு, அவன் கையில் எதுவும் இல்லை. அடுத்த வரியை அந்த வரிசையே சேர்ந்து படிக்கட்டும். யாரோ காற்று விட்டால் "யாரு?" என்ற விசாரணையே கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு எழுத்து வேலை கொடு.

1962-இல் ஆப்பிரிக்காவின் தாங்கனிக்காவில் (இன்றைய தான்சானியாவின் பகுதி), கஷாஷா என்ற ஊரில், மூன்று மாணவிகளிடம் தொடங்கிய சிரிப்பு 159 பேரில் 95 பேரைப் பிடித்துக்கொண்டு பள்ளியையே மூடவைத்தது. அது மன அழுத்தத்தில் வந்தது என்கிறார்கள். உன் பல்லி அவ்வளவு தூரம் போகாது.

அந்த வாக்கியத்தை ஒரு தனி நோட்டில் எழுதி வை. அடுத்த வருஷம் சொல்வதெழுதுதலுக்கு முன்னால் அதைப் பலகையில் போட்டுப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லலாம். தேதியும் வகுப்பும் போதும், பெயர் வேண்டாம். அவன் தம்பியோ தங்கையோ அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

அம்மா