எந்த கன்சோலில் ஆடிப் பார்த்த மார்க் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மோசமான வீடியோ கேம்கள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு படம், பக்கத்தில் ஒரு மார்க், கீழே இரண்டு வரி கிண்டல். தமிழ் நாளிதழில் வீடியோ கேமுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் கும்பகோணத்தில் பிளேஸ்டேஷனை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எந்த கேமை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று என் கடைக்கு வரும் எந்தப் பையனாலும் முடிவெடுக்க முடியாது. எந்த கன்சோலில், அதாவது டிவியில் மாட்டி ஆடும் எந்த கேம் பெட்டியில் ஆடிப் பார்த்துப் போட்ட மார்க் என்ற தகவல் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பட்டியலில் இருந்த சைபர்பங்க் 2077-ஐயே எடுத்துக்கொள்வோம். போலந்து நாட்டு சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனத்தின் கேம். 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. வருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டிப் பதிந்துவிட்டார்கள். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது கம்ப்யூட்டரில் ஓடும் பிரதி மட்டும்தான். தாங்கள் ஆடியதைப் பதிவு செய்த வீடியோவைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட முடிந்தது. நல்ல கம்ப்யூட்டரில் ஆடியவர்கள் 100-க்கு 90-ஐ ஒட்டி மார்க் போட்டார்கள். பிஎஸ் 4 (பிளேஸ்டேஷன் 4), எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்களில் அது எப்படி ஓடும் என்று கேம் கடைக்கு வரும் நாள் வரை பெரும்பாலோருக்குத் தெரியாது. வந்த பிறகுதான் தெரிந்தது: மங்கலான காட்சி, தெருவில் வண்டி ஓட்டினால் திணறல், நடுவில் கேமே மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுவது. ஐஜிஎன் என்ற கேம் விமர்சனத் தளம் கம்ப்யூட்டர் பதிப்புக்கு 10-க்கு 9 கொடுத்தது. சில நாள் கழித்து பழைய கன்சோல் பதிப்புகளைத் தனியாக ஆடிப் பார்த்து 4 கொடுத்தது. ஒரே கேம், ஒரே தளம், 9-உம் 4-உம்! கேம் வந்து ஒரு வாரம் ஆனதும் பிளேஸ்டேஷன் தயாரிக்கும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூனில்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது.

உங்கள் பக்கத்தில் இது 'விழுந்து எழுந்த கேம்' என்று இருந்தது. கம்ப்யூட்டரிலும் பிஎஸ் 5-லும் அது எழுந்தது உண்மை. ஆனால் 2023 செப்டம்பரில் வந்த 2.0 என்ற பெரிய அப்டேட் பிஎஸ் 4-க்கு வரவே இல்லை. அப்புறம் வந்த கூடுதல் கதைப் பகுதியும் கிடையாது. எங்கள் ஊரில் பையன்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பிஎஸ் 4தான், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 'இப்போது சரியாகிவிட்டது' என்று நீங்கள் எழுதியதை நம்பி அவர்களில் ஒருவன் அந்த சிடியை வாங்கினால், அவனுக்குக் கிடைப்பது நீங்கள் பாராட்டிய கேம் இல்லை.

என் கடைக்கு வரும் ஒரு பையன் உணவு டெலிவரி வேலை செய்கிறான். நடந்துமுடிந்த பொங்கலுக்கு முன்னால், நாலாயிரம் ரூபாய் சேர்த்து ஒரு புது சிடி வாங்கினான். கேமின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். போனில் பார்த்த மார்க் 9, அட்டையில் பிஎஸ் 4 என்று அச்சிட்டிருக்கிறது, அவனும் நம்பி வாங்கினான். வீட்டில் போட்டால் நான்கு பேர் சேர்ந்து சண்டை போடும் கட்டம் வந்ததும் லாக் அடிக்கிறது. என்னிடம் கொண்டுவந்து என் பிஎஸ் 4-ல் போட்டுப் பார்த்தோம். அதே இடத்தில் அதே திணறல். பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் கேமில் இருக்கும் வீரன் கத்தி வீசுகிறான். சிடி விற்ற இடத்தில், சீல் உடைத்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் என்னைக் கேட்டான்: "அண்ணா, ஒன்பது மார்க் போட்டவன் எதுல வெளையாடிப் பாத்தான்?" நாங்கள் அந்த விமர்சனத்தைத் திறந்து கடைசி வரி வரை தேடினோம். கம்ப்யூட்டரில் ஆடியது என்று சின்ன எழுத்தில் கீழே போட்டிருந்தது.

சினிமா சரியில்லை என்றால் போவது டிக்கெட் காசு. இது அவனுக்குப் பல நாள் சம்பளம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கையில் வைத்து ஆடும் கருவிகளிலும் இதே கதை உண்டு. 2012 நவம்பர் 13 அன்று கால் ஆஃப் டூட்டி வரிசையில் பிளாக் ஆப்ஸ் 2 பெரிய கன்சோல்களுக்கு வந்தது. விமர்சகர்களின் சராசரி 100-க்கு 80-ஐத் தாண்டியது. அதே நாளில் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ் வீட்டாவுக்கு பிளாக் ஆப்ஸ் டீகிளாசிஃபைடு வந்தது. அதன் சராசரி 33. பெயரில் பாதி ஒன்று, அட்டைப் படமும் கிட்டத்தட்ட அதே சாயல். உள்ளே எல்லாம் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சின்னச் சின்னப் பணிகள். நடுவில் செத்தால் அந்தப் பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கு விமர்சகர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள். அந்த விமர்சனங்களைப் படித்தவர்கள் பிழைத்தார்கள்.

மோசம் என்று சொல்வதிலும் உருப்படியாகச் சொல்லும் முறை இருக்கிறது. 2006-ல் பிஎஸ் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த, சோனிக் என்ற முள்ளம்பன்றி நாயகனின் கேமைப் பற்றி அப்போது வந்த விமர்சனங்கள் நல்ல உதாரணம். ஊருக்குள் ஒருவரிடம் பேசினால் லோடிங், அவர் ஒரு வரி சொல்வார், மறுபடி லோடிங், அப்புறம்தான் பணி தொடங்கும். கேமரா சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளும். வேகமாக ஓடினால் தரையைத் துளைத்து விழலாம். விமர்சகர்கள் இதையெல்லாம் இடம் குறிப்பிட்டு எழுதினார்கள். கேம்ஸ்பாட் என்ற விமர்சனத் தளம் 10-க்கு 4.4 கொடுத்தது. ஏன் அப்படி ஆனது என்பதும் பின்னால் வெளியே வந்தது. சோனிக்கின் 15-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் வந்தே ஆக வேண்டும் என்ற அவசரம், சோனிக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான யூஜி நாகா நடுவிலேயே விலகியது, நிண்டெண்டோவின் வீ கன்சோலுக்கு இன்னொரு சோனிக் செய்யக் குழுவில் பாதியைப் பிரித்தது. இதைப் படிப்பவனுக்கு ஒரு கேம் எப்படிக் கெடுகிறது என்று புரியும். உங்கள் பக்கத்தில் அதற்குக் கிடைத்தது 'முள்ளம்பன்றிக்கு மூச்சு முட்டியது' என்ற ஒரு வரி.

மார்க்கை மட்டும் நம்பினால் நல்ல கேமும் கையை விட்டுப் போகும். பிஎஸ் 2-ல் காட் ஹேண்ட் என்று ஒரு சண்டை கேம், ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமைக் கொடுத்த ஷின்ஜி மிகாமி இயக்கியது. ஐஜிஎன் அதற்கு 10-க்கு 3 கொடுத்தது. கேமரா முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது, திரும்பிப் பார்க்க முடியவில்லை என்பது முக்கியமான குறை. என் கடையில் அதை ஆடிய பையன்கள் அந்தக் குறையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் வலது குச்சியைத் தள்ளினால் அடியிலிருந்து விலகலாம். அடி வாங்காமல் நன்றாக ஆட ஆட எதிரியின் பலமும் ஏறும், கீழே ஓரத்தில் அதைக் காட்டும் அளவுகோல் உயர்ந்துகொண்டே போகும். அந்த அளவுகோல் உச்சத்துக்குப் போகிற நேரம் கடையில் பேச்சே இருக்காது. இன்றைக்கும் அந்த கேமைத் தேடி ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2010-ல் வந்த டெட்லி பிரிமோனிஷன் என்ற கேமுக்கு 10-க்கு ஐஜிஎன் கொடுத்தது 2, டிஸ்ட்ரக்டாய்ட் என்ற இன்னொரு தளம் கொடுத்தது 10. இரண்டையும் கூட்டி வகுத்து 6 என்று போட்டால் இரண்டு பேர் சொன்னதும் காணாமல் போகும். இப்படிப்பட்ட கேமுக்கு இரண்டு பேர் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். ஜப்பானில் ஃபமிட்சு பத்திரிகை பல ஆண்டுகளாக நான்கு பேரைத் தனித்தனியாக மார்க் போட வைத்து, ஒவ்வொருவரின் சில வரிகளையும் சேர்த்தே அச்சிடுகிறது.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் மூத்த விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேன் அண்ட் லின்ச் என்ற கேமுக்கு 10-க்கு 6 கொடுத்தார். அந்த நேரம் அதே தளம் முழுக்க அந்த கேமின் விளம்பரம்தான். அவருக்கு வேலை போனது. விளம்பரதாரர் நெருக்கடி அதில் இருந்ததை 2012-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் இதழில் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கேம் பிரதியை நிறுவனம் கொடுத்ததா, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதா என்று ஒரு வரி போட்டுவிட்டால் வாசகனுக்கு நிம்மதி.

அடுத்த முறை எந்த கன்சோலில், எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எந்த இடத்தில் என்ன கோளாறு என்று எழுதுங்கள். கிண்டலுக்கு ஒதுக்கிய இரண்டு வரியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. பழைய பிஎஸ் 4-ல் ஆடிப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் வசதி இல்லை என்றால் உங்கள் நிருபரை எங்கள் கடைக்கு அனுப்புங்கள். வார நாளில் பள்ளி விடுவதற்கு முன் செட் காலியாகத்தான் இருக்கும், வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
கேம் கடை நடத்தும் வாசகர்,
கும்பகோணம்.